விளையாட்டுத் தளத்தில் விளையாட்டை மட்டும் எழுதச் சொன்னால் என்ன தப்பு?

கேள்வி, ஜூன் 4
டெட்ஸ்பின் என்று ஒரு அமெரிக்க விளையாட்டுத் தளம். "விளையாட்டைப் பற்றி மட்டும் எழுதுங்கள்" என்று முதலாளி சொன்னதற்கு ஆசிரியர் குழு மொத்தமும் வேலையை விட்டுப் போய்விட்டதாகப் படித்தேன். எனக்குப் புரியவில்லை சார். கறிக்கடையில் கறி வெட்டத்தானே ஆள் வைப்பார்கள்? சம்பளம் கொடுக்கிறவன் இதைக்கூடச் சொல்லக்கூடாதா?

ஜூன் 4, இரவு
சொல்லலாம். தாராளமாகச் சொல்லலாம். அந்தக் கடையில் எது விற்றுக்கொண்டிருந்தது என்று பார்க்காமல் சொன்னார்கள், அதுதான் கதை. விவரம் நாளைக்கு. தூக்கம் வருகிறது.

ஜூன் 5
டெட்ஸ்பின் 2005-இல் தொடங்கியது. நிக் டென்டன் நடத்திய காக்கர் மீடியாவின் தளங்களில் ஒன்று, முதல் ஆசிரியர் வில் லீட்ச். வீரர்களோடும் அணி முதலாளிகளோடும் தோளில் கைபோட்டுப் பழகும் நிருபர்கள் எழுதத் தயங்குவதை எழுதுவதுதான் இவர்கள் தொழில். 2013 ஜனவரியில் மாண்டி டேயோ விவகாரத்தை இவர்கள்தான் வெளிக்கொண்டுவந்தார்கள். டேயோ கல்லூரி அளவிலான அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம். அவருடைய காதலி இறந்துபோன சோகத்தை அமெரிக்காவின் பெரிய பத்திரிகைகள் எல்லாம் உருகி உருகி எழுதின. அப்படி ஒரு பெண்ணே கிடையாது என்று டெட்ஸ்பின் கண்டுபிடித்து எழுதியது. யாரோ டேயோவை ஏமாற்றியிருந்தார்கள். இறந்த பெண்ணுக்கு ஓர் இரங்கல் குறிப்பாவது இருக்கிறதா என்று தேடிப் பார்க்க மற்றவர்களுக்குத் தோன்றவில்லை.

அதே தளத்தில் ஃபுட்ஸ்பின் என்று சமையல் பகுதி வரும். ட்ரூ மகாரி என்பவர் ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு பணக்காரச் சமையலறைச் சாமான் கடையின் விற்பனைப் பட்டியலைக் கையில் எடுத்து, பொருள் பொருளாகக் கிழித்துத் தொங்கவிடுவார். அதற்காகவே வருஷம் முழுக்கக் காத்திருந்த கூட்டம் உண்டு. அரசியல், சினிமா, குழந்தை வளர்ப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து 'தி கான்கோர்ஸ்' என்று தனி அறையே இருந்தது.

இனி முதலாளிகள் வரிசை. மல்யுத்த வீரர் ஹல்க் ஹோகன் தொடுத்த வழக்கில் 2016 மார்ச்சில் காக்கருக்கு எதிராக 14 கோடி டாலர் தீர்ப்பு. வழக்குச் செலவை மறைவில் இருந்து கொடுத்தவர் கோடீஸ்வர முதலீட்டாளர் பீட்டர் தீல். காக்கர் 2007-இல் தன் அந்தரங்கத்தை எழுதியதற்காகக் கறுவிக்கொண்டிருந்தவர். காக்கர் திவால். யூனிவிஷன் என்ற தொலைக்காட்சி நிறுவனம் 13.5 கோடி டாலருக்கு ஏலம் எடுத்தது. அதுவும் சலித்துப்போய், 2019 ஏப்ரலில் பாஸ்டனைச் சேர்ந்த கிரேட் ஹில் பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாற்றியது. புதுப் பெயர் ஜி/ஓ மீடியா. தலைமை அதிகாரி ஜிம் ஸ்பான்ஃபெல்லர்.

ஆகஸ்டில் டெட்ஸ்பின் தன் புது முதலாளிகளைப் பற்றியே நீண்ட விசாரணைக் கட்டுரை வெளியிட்டது. எதிரி வீட்டைப் பற்றி எழுதுகிற அதே தொனியில்! அதே மாதம் ஆசிரியர் மேகன் கிரீன்வெல் விலகினார். விலகும்போது எழுதியதில் ஒரு தகவல் முக்கியம்: விளையாட்டு சாராத பதிவுகளுக்குத்தான் வாசகர்கள் அதிகம் வருகிறார்கள்.

அக்டோபர் 28-ஆம் தேதி ஆசிரியர் பிரிவு இயக்குநர் பால் மெய்ட்மென்டிடம் இருந்து சுற்றறிக்கை வந்தது: இனி விளையாட்டு மட்டும். மறுநாள் தளத்தின் முகப்பு முழுக்க விளையாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத பழைய பதிவுகள். அன்றே துணை ஆசிரியர் பேரி பெட்செஸ்கி நீக்கப்பட்டார். 30-ஆம் தேதி தொடங்கி ஒவ்வொருவராக ராஜினாமா. ஏறத்தாழ 20 பேர். அந்த வாரம் முடிவதற்குள் எழுத ஆள் இல்லை.

ஜூன் 5, பிற்பகல்
ஒன்றை விட்டுவிட்டேன். சுற்றறிக்கைக்கு முந்தின நாள், அக்டோபர் 27, வாஷிங்டனில் பேஸ்பால் உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம். அதிபர் டிரம்ப் பார்க்க வந்திருந்தார். பெரிய திரையில் அவர் முகம் தெரிந்ததும் அரங்கமே எதிர்ப்புக் கூச்சல் போட்டது. "உள்ளே தள்ளு" என்று கோஷம் வேறு. உலகச் செய்தி. இதை எந்தப் பக்கத்தில் போடுவீர்கள்?

ஜூன் 7
கீழே ஒரு நண்பர் கேட்டிருப்பது நியாயம். அந்தச் சுற்றறிக்கை அரசியலைத் தடுக்கவில்லை, விளையாட்டைத் தொடும் அரசியல் எழுதலாம் என்றுதானே இருந்தது, டிரம்ப் அரங்கத்துக்கு வந்ததை எழுதத் தடை இல்லையே என்கிறார். ஆமாம். என் உதாரணம் சுற்றறிக்கைக்கு எதிராக நிற்காது.

நேற்று முழுக்க இதை யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் உண்மையில் வெட்டப்பட்டது எது? சமையல் குறிப்பு. சாமான் கடைக் கிண்டல். அப்பாக்களின் புலம்பல். சும்மா எழுதுவது. அரசியலை வெட்டினால் சண்டைக்கு ஒரு கௌரவமாவது இருக்கும். இங்கே வெட்டியது அரட்டையை. அதற்காக 20 பேர் வேலையை விட்டார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் வியப்பு.

தொடுகிறது, தொடவில்லை என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் என்பது தனிக் கேள்வி. நேற்று வரை ஆசிரியரிடம் இருந்தது. அன்றைக்கு மாடி ஏறிவிட்டது.

ஜூன் 8
சொந்தக் கதை. ஒரு மாலை நாளிதழின் விளையாட்டு டெஸ்க்கில் சில வருஷம் குப்பை கொட்டினேன். பெயர் வேண்டாம், இப்போதும் வருகிறது. கடைசிப் பக்கத்தின் கீழ் மூலையில் ஒரு பெட்டி உண்டு, 'எல்லைக்கு வெளியே' என்று தலைப்பு. பக்கம் நிரம்பாத நாளில் துண்டு நிரப்புவதற்காக யாரோ தொடங்கியது. அதில் எது வேண்டுமானாலும் போகும். சேப்பாக்கத்தில் ஆட்டம் முடிந்து வாலாஜா சாலையில் நெரிசலில் மாட்டாமல் திருவல்லிக்கேணி சந்துகள் வழியாக எப்படிப் போவது, ரத்னா கஃபேயில் சாம்பார் தீர்ந்துபோகாத நேரம் எது, கபடிக்குப் போகிற பையன்கள் லாரியில் தூங்குவதற்கு எப்படி இடம் பிடிப்பார்கள். தூத்துக்குடிப் பக்கத்துப் பகுதிநேர நிருபர் ஒருவர் போட்டி முடிவை இரண்டு வரியில் அனுப்பிவிட்டு, அந்த ஊரில் சாப்பிட்ட கருவாட்டுக் குழம்பைப் பற்றி முழு ஏ4 அனுப்புவார். நாங்கள் சிரித்துக்கொண்டே குழம்பை எடுத்துப் போடுவோம், முடிவு உள்பக்கத்துக்குப் போகும்.

நிறுவனம் கைமாறியது. மேலே இருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான், கத்தவெல்லாம் இல்லை. கையில் எக்செல் தாள். இந்தப் பெட்டி எந்த வகையில் சேரும் என்று கேட்டார். விளம்பரம் பிடிக்கிறவர்கள் பக்கத்தை வகை பிரித்துத்தான் விற்பார்களாம், வகை இல்லாததை விற்க முடியாதாம். 'வாழ்வியல்' என்று போட்டுக்கொள்ளுங்களேன் என்றேன். வாழ்வியலுக்குத் தனி இணைப்பு இருக்கிறது, அங்கே வேறு ஆள் பார்க்கிறார் என்றார். அடுத்த வாரம் அந்த மூலையில் ஒரு மெத்தை விளம்பரம்.

யாரும் ராஜினாமா செய்யவில்லை. நானும்தான். தூத்துக்குடிக்காரர் மட்டும் கொஞ்ச நாள் கழித்து அனுப்புவதை நிறுத்திவிட்டார். கேட்டதற்கு, "ஸ்கோரை எவன் வேணும்னாலும் அனுப்பலாமே தம்பி" என்றார்.

ஜூன் 8, இரவு
கேட்கிறார்கள் என்பதால்: பெட்டி போனதால் விற்பனை குறைந்ததா? தெரிந்து சொல்லும்படி எதுவும் என் கண்ணில் படவில்லை. குறைந்திருந்தால் கதை அழகாக இருந்திருக்கும். கடிதங்கள் நின்றன, அது தெரியும். முன்பு திங்கட்கிழமை தபால் கட்டில் எங்களுக்கென்று ஒரு கொத்து இருக்கும். ஆளுக்கு ஒரு குறை, ஆளுக்கு ஒரு கடை.

ஜூன் 9
அதே டெஸ்க், 2017 ஜனவரி. மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூட்டம் கூடிக்கொண்டே இருக்கிறது. எங்களிடம் ஒரு கேள்வி: ஜல்லிக்கட்டு விளையாட்டா? விளையாட்டு என்றால் கடைசிப் பக்கம். பண்பாடு என்றால் இணைப்பு. 2014 உச்ச நீதிமன்றத் தடை என்று பார்த்தால் சட்டச் செய்தி, முதல் பக்கம். போலீஸ் வந்துவிட்டால் நகரப் பக்கம். மாடு என்று பார்த்தால் வேளாண்மை என்றார் லே-அவுட் ஆள். நள்ளிரவு வரை சிரித்தோம். கடைசியில் நாலு பக்கத்திலும் வந்தது.

வகை பிரிக்கிற தாளை அன்றைக்கு யாரும் எடுத்துக்கொண்டு வரவில்லை.

ஜூன் 11
"நம்ம ஊரில் விளையாட்டில் அரசியல் கலப்பதில்லை" என்று எழுதிய நண்பருக்கு. எந்த ஊர் சார்? 2013-இல் முதலமைச்சர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுதினார், அதன் பிறகு சென்னையில் நடக்கும் ஐபிஎல் ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் ஆடக்கூடாது என்று முடிவானது. சென்னை அணியே வாங்கியிருந்த குலசேகராவும் அகில தனஞ்சயவும் சொந்த மைதானத்தில் இறங்க முடியாது. 2018-இல் இரண்டு வருஷத் தடைக்குப் பிறகு அணி திரும்பி வருகிறது. காவிரிப் போராட்டம் உச்சத்தில். ஏப்ரல் 10, கொல்கத்தாவோடு ஆட்டம், மைதானத்துக்குள் செருப்பு வந்து விழுகிறது. மீதி இருந்த உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. அந்த வருஷம் கோப்பை வேறு ஜெயித்தார்கள்.

காவிரி மேலாண்மை வாரியம் என்றால் என்ன என்று விளக்காமல் புனேவுக்கு ஏன் போனார்கள் என்று ஒருவன் எழுத முடியுமா? எழுதலாம், 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று. நாங்களே அப்படி எத்தனையோ எழுதியிருக்கிறோம்.

ஜூன் 12
சென்னை–பெங்களூர் சண்டையை இங்கே இழுக்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் இழுக்கலாம்.

ஜூன் 15
முதலாளி பக்கம் நின்றும் கொஞ்சம் பேசுகிறேன், இல்லாவிட்டால் இது ஒப்பாரி ஆகிவிடும்.

சுற்றறிக்கைக்குக் கொஞ்சம் முன்னால் தளத்தில் புதுவித விளம்பரம் வந்தது: பக்கத்தைத் திறந்தாலே சத்தத்தோடு தானாக ஓடும் வீடியோ. ஒரு காப்பீட்டு நிறுவனத்தோடு பெரிய ஒப்பந்தம். வாசகர்கள் எரிச்சலானார்கள். "எங்களுக்கும் பிடிக்கவில்லை, முதலாளியிடம் புகார் செய்யுங்கள்" என்று ஆசிரியர் குழுவே பதிவு போட்டது. நிர்வாகம் அந்தப் பதிவை அழித்தது. உங்கள் கடையில் வேலை செய்கிறவர் வாசலில் நின்று "உள்ளே சரக்கு சரியில்லை, முதலாளியைத் திட்டுங்கள்" என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வருமா வராதா? எனக்கு வரும்.

அதனால் என் கணிப்பு இப்போது வேறு. வாசகர் எண்ணிக்கை கூடும் என்று நம்பி யாரும் அந்தச் சுற்றறிக்கையை எழுதியிருக்க மாட்டார்கள். கிரீன்வெல் எழுதிய கணக்கு அவர்கள் கண்ணில் படாமலா போயிருக்கும்? இரண்டு காரணம் எனக்குத் தெரிகிறது. ஒன்று, எங்கள் எக்செல்காரர் சொன்னதுதான். 'விளையாட்டு ரசிகர்கள்' என்று சீட்டு ஒட்டினால் விளம்பரம் விற்பது சுலபம். ஒரே பக்கத்தில் பேஸ்பாலும் கருவாட்டுக் குழம்பும் இருந்தால் அந்த வாசகனுக்கு என்ன சீட்டு ஒட்டுவது? இரண்டாவது, எதைப் பற்றியும் எழுதலாம் என்ற இடத்தில் முதலாளியைப் பற்றியும் எழுதலாம். ஆகஸ்டில் எழுதிவிட்டார்கள். 'விளையாட்டு மட்டும்' என்ற விதி வந்துவிட்டால் அந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், முதலாளி தன் பெயரைச் சொல்லித் தடை போட வேண்டியதில்லை.

ஜூன் 15, சற்று பிறகு
ஊழியர் சங்கத்தின் அறிக்கையும் ஏறக்குறைய இதையே சொன்னது, இன்னும் காரமாக.

ஜூன் 16
"இருபது பேர் ஒரே வாரத்தில் விட்டார்களே, உங்கள் டெஸ்க்கில் ஏன் ஒருத்தர்கூட அசையவில்லை?"

வீட்டுக் கடன். பையனுக்குப் பள்ளிக் கட்டணம். பக்கத்துப் பத்திரிகையில் ஆள் குறைப்பு. ஒரு மூலைப் பெட்டிக்காக எவன் விடுவான்? அங்கேயும் எல்லோரும் பணக்காரர்கள் இல்லை. அமெரிக்காவில் வேலை போனால் மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் கூடவே போகும், அது நம்மைவிட மோசம். ஆனால் அவர்களுக்குச் சங்கம் இருந்தது. காக்கர் ஊழியர்கள் 2015-லேயே எழுத்தாளர் சங்கத்தில் சேர்ந்தவர்கள். பக்கத்து மேசைக்காரன் என்ன செய்வான் என்று தெரிந்து ராஜினாமா கொடுப்பதும், தெரியாமல் கொடுப்பதும் ஒன்றா? எங்கள் டெஸ்க்கில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் டீ குடிக்கப் போனோம்.

ஜூன் 20
அதற்குப் பிறகு என்ன ஆனது என்று கேட்டவர்களுக்கு.

மெய்ட்மென்ட் நவம்பர் 5-ஆம் தேதியே போய்விட்டார். தளம் மாதக்கணக்கில் சும்மா கிடந்தது. சிகாகோவில் புது ஆட்களை வைத்து மறுபடி தொடங்கியது 2020 மார்ச். விளையாட்டை மட்டுமே எழுத வேண்டிய தளம். மார்ச் 11-ஆம் தேதி கொரோனாவால் என்பிஏ கூடைப்பந்துப் பருவம் நிறுத்தப்பட்டது. அடுத்த சில நாளில் பேஸ்பால், ஹாக்கி, கல்லூரிப் போட்டிகள் எல்லாம் நின்றன. உலகத்தில் எழுதுவதற்கு விளையாட்டே இல்லை! நானாக இட்டுக்கட்டியிருந்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

விலகியவர்களில் பலர் சேர்ந்து 2020 செப்டம்பரில் டிஃபெக்டர் என்று சொந்தத் தளம் தொடங்கினார்கள். ஊழியர்களே உரிமையாளர்கள், வருமானம் பெரும்பாலும் சந்தாவில் இருந்து. முதல் வருஷக் கணக்கை அவர்களே வெளியிட்டார்கள்: சந்தாதாரர் 40,000 பக்கம், வருமானம் 32 லட்சம் டாலர். சாமான் கடைக் கிண்டலும் அங்கே போய்விட்டது.

ஜூன் 21
மகிழ்ச்சியான முடிவு என்று கைதட்ட வேண்டாம். டெட்ஸ்பினை இலவசமாகப் படித்த கூட்டம் எங்கே, 40,000 எங்கே? மூலைப் பெட்டியின் அழகே ஸ்கோர் பார்க்க வந்தவன் கண்ணில் தற்செயலாகப் படுவதுதான். காசு கட்டி உள்ளே வருகிறவன் ஏற்கெனவே அந்த எழுத்தை விரும்புகிறவன். கபடி முடிவு தேடி வந்து குழம்பைப் படித்த ஆள் அங்கே வரமாட்டார். இதற்கு என்னிடம் வழி எதுவும் இல்லை.

ஜூன் 23
மென்பொருள் கம்பெனிகளிலும் இது உண்டா என்றால், உண்டு. காயின்பேஸ் 2020-இல், பேஸ்கேம்ப் 2021 ஏப்ரலில். வேலை நேரத்தில் அரசியலும் சமூகப் பிரச்சினையும் பேசாதே என்றார்கள். பேஸ்கேம்பில் மூன்றில் ஒரு பங்கு பேர் வெளியேறினார்கள். ஆனால் அது வேறு விஷயம் என்று நினைக்கிறேன். அங்கே பேச்சு வேலையின் ஓரத்தில் நடந்தது. டெட்ஸ்பினில் பேச்சே வேலை.

நம் ஊர் சலூனில் 'அரசியல் பேசாதீர்' என்று எழுதி வைத்திருப்பதைச் சிலர் இதோடு சேர்க்கிறார்கள். சேராது. சலூன்காரர் கையில் கத்தி இருக்கிறது, எதிரில் உட்கார்ந்திருப்பவர் துள்ளினால் காது போய்விடும். அது பாதுகாப்பு விதி.

ஜூலை 2
இழையைத் தொடங்கியவர் மறுபடி வந்து, "கடைசியில் முதலாளிக்கு லாபமா நஷ்டமா, அதைச் சொல்லுங்கள்" என்கிறார். கறிக்கடைக்காரர் கறாரானவர்.

2024 மார்ச்சில் டெட்ஸ்பினை மால்டாவைச் சேர்ந்த லைன்அப் பப்ளிஷிங் என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். விலையைச் சொல்லவில்லை. புது உரிமையாளர்கள் பழைய ஊழியர் ஒருவரையும் எடுத்துக்கொள்ளவில்லை, சிகாகோ ஆட்கள் எல்லோரும் வெளியே. விளையாட்டை மட்டும் எழுதச் சம்மதித்து வந்தவர்கள்தான் அவர்கள். அதே வருஷம் ஜி/ஓ மீடியாவின் மற்றத் தளங்களும், கிஸ்மோடோ, ஏ.வி. கிளப், தி ஆனியன் என்று ஒவ்வொன்றாக விற்பனை. ஆனியனை வாங்கியவர்கள் அதை மறுபடி அச்சுப் பத்திரிகையாகவும் கொண்டுவந்தார்கள். கேலிப் பத்திரிகைக்கு 'கேலி மட்டும் எழுது' என்று சுற்றறிக்கை அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை போல.

ஜூலை 2, இரவு
டிஃபெக்டருக்கு நான் சந்தா கட்டியிருக்கிறேனா என்று நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். வருஷச் சந்தா டாலரில். நம் காசில் சில ஆயிரம் ரூபாய். கட்டவில்லை.